'ஜஸ்ட் ஆன் அமெரிக்கன் பாய்': ஸ்டீவ் எர்லின் மேடைப் பேச்சு அவருடைய பாட்டைக் கெடுக்கிறதா?

இளவேனில் எழுதியது:

அமெரிக்கக் கன்ட்ரி ராக் (கிராமிய மெட்டும் ராக் இசையும் கலந்தது) பாடகர் ஸ்டீவ் எர்லின் மேடைப் பதிவுகளில் எதை முதலில் கேட்கலாம் என்று வேறோர் இழையில் ஒருவர் கேட்டிருந்தார். அங்கே இரண்டு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால் இந்த இழை. என் பதில், 2003 செப்டம்பரில் ஆர்ட்டெமிஸ் நிறுவனம் வெளியிட்ட இரட்டைக் குறுந்தகடு 'ஜஸ்ட் ஆன் அமெரிக்கன் பாய்'. ஏமஸ் போ இயக்கிய அதே பெயர் கொண்ட ஆவணப்படத்தோடு சேர்ந்து வந்தது. அட்டையிலேயே 'ஒலி ஆவணப்படம்' என்ற பொருளில் ஒரு துணைத்தலைப்பு உண்டு. பாடல்களுக்கு இடையில் அவர் பேசும் பேச்சுகளையும் தனித் தடங்களாகவே பதிந்திருக்கிறார்கள்.

முதலில் தலைப்பைப் பாருங்கள். நாட்டுப்பற்று பொங்கும் தலைப்பு என்று கடையில் எடுத்துப் பார்ப்பவர் நினைக்கக்கூடும். அது 'ஜான் வாக்கர்ஸ் ப்ளூஸ்' பாட்டின் முதல் வரியில் வரும் சொற்றொடர். ஜான் வாக்கர் லிண்ட் கலிஃபோர்னியாவில் வளர்ந்த இளைஞர். இஸ்லாமைத் தழுவி, தாலிபான் படையில் சேர்ந்து, 2001 இறுதியில் ஆப்கானிஸ்தானில் பிடிபட்டவர். அவருடைய குரலிலேயே, 'நான்' என்று தொடங்கி எர்ல் எழுதிய பாட்டு அது. 2002 ஜூலையில் அப்படியொரு பாட்டு வரப்போகிறது என்ற செய்தி கசிந்ததுமே நாஷ்வில் வானொலிப் பேச்சாளர்களும் நியூயார்க் நாளேடுகளும் அவரைத் துரோகி என்கிற அளவுக்குப் போனார்கள். இரட்டைக் கோபுரம் விழுந்து ஓராண்டு கூட ஆகவில்லை. ஒரு கலைஞர் அந்த நேரத்தில் பின்வாங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். எர்ல் அந்தப் பாட்டை மேடைதோறும் பாடினார், அடுத்த ஆண்டு அதன் முதல் வரியையே தொகுப்புக்குப் பெயராக்கினார்.

நான் சொல்ல வருவது பாடல் வரிசையைப் பற்றி. 'ஜெருசலேம்' (2002) என்ற ஸ்டுடியோ தொகுப்பில் லிண்ட் பாட்டைக் கேட்டால் அது தனித்து நிற்கிறது, அதிர்ச்சிக்காக எழுதியது போலத் தோன்ற இடமுண்டு. இந்த மேடைப் பதிவில் அந்தப் பாட்டுக்கு வந்து சேர்வதற்கு முன் யார் யாரைச் சந்திக்கிறோம்? 'தி மவுண்டன்', 'ஹார்லன் மேன்' இரண்டிலும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 'காப்பர்ஹெட் ரோடு' பாட்டில் தாத்தா காலத்திலிருந்து கள்ளச்சாராயம் காய்ச்சிய குடும்பத்தில் பிறந்து, வியட்நாம் போய்த் திரும்பி, கஞ்சா பயிரிடுகிற ஜான் லீ பெட்டிமோர். 'ஓவர் யாண்டர்' பாட்டில் டெக்சாஸில் மரண தண்டனைக்கு நடந்து போகிறவர். பிறகு பில்லி ஆஸ்டின், பெட்ரோல் நிலையத்தில் ஒருவரைச் சுட்டுக் கொன்றவன். எல்லாருமே 'நான்' என்றுதான் பேசுகிறார்கள். இத்தனை பேரின் குரலைக் கேட்டுவிட்டு இரண்டாம் தட்டில் லிண்டிடம் வரும்போது, இந்த மனிதர் இருபது ஆண்டுகளாக ஒரே வேலையைத்தான் செய்து வந்திருக்கிறார் என்பது புரிகிறது. ஊர் கூடிக் கைவிட்டவனின் வாயில் சொல்லை வைப்பது அந்த வேலை.

இதை நீண்ட விளக்கக் கட்டுரையாக எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள். பாடல் வரிசையே வாதமாகிவிட்டது. கன்ட்ரி ராக்கில் இதற்கு இணையான மேடைத் தொகுப்பு எனக்குத் தெரிந்து இல்லை.


கல்லாறு எழுதியது:

இளவேனில் ஐயா, வரிசை பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் பேச்சு? முதல் முறை கேட்கும்போது அந்தப் பேச்சுத் தடங்கள் சூடாக இருக்கின்றன. மூன்றாவது முறை கை தானாகவே அடுத்த தடத்துக்குப் போகிறது. ஒரு பாட்டு எதைச் சொல்ல வேண்டுமோ அதை அதுவே சொல்ல வேண்டும். 'பில்லி ஆஸ்டின்' பாட்டின் கடைசியில் அந்தக் கைதி கேட்பவரைப் பார்த்தே கேட்கிறான்: மின்நாற்காலியின் ஸ்விட்சை நீயே இழுப்பாயா என்று. இதைவிட என்ன சொல்லிவிட முடியும்? அதற்கு முன்னால் 'நான் மரண தண்டனையை எதிர்க்கிறேன்' என்று ஒரு தடமே வைத்து அறிவித்துவிட்டால், பாட்டு கேட்கும் கேள்விக்கு விடையை முன்பே தந்தாகிவிட்டது. கேட்பவன் தனியே தவிக்க வேண்டிய இடத்தைப் பாடகர் பறித்துக்கொள்கிறார்.

அதனால் என் தேர்வு 1991இல் வந்த 'ஷட் அப் அண்ட் டை லைக் ஆன் ஏவியேட்டர்'. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 1990 இலையுதிர் காலத்தில் பதிவானது. அதிலும் 'பில்லி ஆஸ்டின்' இருக்கிறது. 'காப்பர்ஹெட் ரோடு', 'கிதார் டவுன்' இரண்டும் இருக்கின்றன. ஆகவே ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. 1990இல் குரல் கிழிந்து கிடக்கிறது, போதைப் பழக்கம் அவரைத் தின்றுகொண்டிருந்த காலம் அது. ஆனாலும் அந்த மேடையில் எந்த முன்னுரையும் தேவைப்படவில்லை. பாட்டு நேராக நெஞ்சில் இறங்குகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2003 பதிவில் கைதட்டுகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே அவரோடு உடன்பட்டவர்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்களிடம் போருக்கு எதிராகப் பேசுவதில் என்ன துணிவு இருக்கிறது?


மேற்குவெளி எழுதியது:

நான் ஹூஸ்டனில் வசிக்கிறேன். துணிவு பற்றிய கேள்விக்கு இங்கிருக்கும் வானொலியின் பின்னணி தெரிந்தால் நல்லது.

அமெரிக்காவில் கன்ட்ரி இசைக்கு உயிர்நாடி வானொலி. 1996இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் ஒரே நிறுவனம் எத்தனை நிலையங்களை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று நாடளாவிய உச்சவரம்பை எடுத்துவிட்டது. சில ஆண்டுகளிலேயே கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. எங்கோ தலைமையகத்தில் எடுக்கும் ஒரு முடிவு பல மாநிலங்களில் ஒரு பாடகரை ஒரே நாளில் ஊமையாக்கிவிடும்.

2003 மார்ச் 10 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் டிக்சி சிக்ஸ் என்ற மூன்று பெண்கள் கொண்ட கன்ட்ரி குழுவின் நாட்டலி மெயின்ஸ், அமெரிக்க அதிபர் புஷ் டெக்சாஸ்காரர் என்பதற்கு வெட்கப்படுகிறோம் என்றார். இராக் மீது படையெடுப்பு தொடங்கப் பத்து நாள் இருந்தது. அந்த வாரங்களில் அவர்களுடைய 'டிராவலின் சோல்ஜர்' கன்ட்ரி பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. பின் அப்படியே காணாமல் போனது. க்யூமுலஸ் நிறுவனம் தன் கன்ட்ரி நிலையங்களில் அவர்களின் பாடல்களை நிறுத்தியது. குறுந்தகடுகளைக் கொட்டி வண்டி ஏற்றி நொறுக்கினார்கள். அந்த மூவரும் கொலை மிரட்டலுக்கு நடுவே மேடையேறினார்கள்.

இதை வைத்துப் பார்த்தால் கல்லாறு சொல்வதில் ஒரு பகுதி உண்மை. எர்லுக்கு அப்போது வானொலி இல்லை. 1986இல் 'கிதார் டவுன்' வந்தபோது கன்ட்ரி நிலையங்கள் அவரைத் தூக்கிவைத்தன. 1988இல் 'காப்பர்ஹெட் ரோடு' ராக் பக்கம் சாய்ந்ததும் அந்த உறவு முறிந்தது. 1994இல் சிறைக்குப் போய் மீண்டு வந்த பிறகு பெரும்பாலும் சிறு நிறுவனங்களின் வழியாகவே அவர் தொகுப்புகள் வந்தன. ஆர்ட்டெமிஸை நடத்திய டேனி கோல்ட்பர்க் குடிமக்களின் உரிமைகளுக்காக நெடுங்காலம் போராடியவர், அரசியல் பாட்டுக்கு அஞ்சுகிறவரல்ல. ஆக, எர்லிடமிருந்து பறிப்பதற்கு வானொலிக்காரர்களிடம் எதுவும் இல்லை. டிக்சி சிக்ஸ் குழு இழந்தது மலையளவு. துணிவை இழப்பால் அளப்பதென்றால் அவர்களே முன்னால் நிற்கிறார்கள்.

ஆனால் உடன்பட்டவர்களிடம் பாடுவது எளிது என்பதை நான் ஏற்கவில்லை. அந்த ஆண்டு இங்கே போரை எதிர்த்தவர்கள் அலுவலகத்தில் வாய் திறக்கவில்லை, தேவாலயத்தில் திறக்கவில்லை, சாப்பாட்டு மேசையில் கூடத் திறக்கவில்லை. தன்னைப் போல் நினைக்கிறவர்கள் ஓர் அரங்கு நிறைய இருக்கிறார்கள் என்று ஒருவருக்குக் காட்டுவது பெரிய உதவி. அந்தக் கைதட்டலில் நான் கேட்பது அந்த நிம்மதியைத்தான். மக்களாட்சியில் எதைக் கேள்வி கேட்டாலும் அது நாட்டுக்கு விரோதமாகாது என்று எர்ல் சொல்லும் இடத்தில் கூட்டம் எழுப்பும் ஒலியை மறுபடி கேட்டுப் பாருங்கள்.


நாண் எழுதியது:

அரசியலை நீங்கள் பேசுங்கள், நான் ஓசையைப் பற்றிச் சிறிது சொல்லிவிட்டுப் போகிறேன். எரிக் 'ராஸ்கோ' ஆம்பெல் கிதார், கெல்லி லூனி பேஸ், வில் ரிக்பி டிரம்ஸ். எர்லோடு வாசிக்கும் டூக்ஸ் குழுவில் இவர்கள் இசைத்த காலம்தான் அவருடைய மேடை வாழ்வில் மிக இறுக்கமான காலம் என்பது என் கருத்து. ஆம்பெல் ஒரு சுரம் அதிகமாக வாசிப்பதில்லை. 'தி அன்ரிபென்டன்ட்' கேளுங்கள்: ஒரே தாளக்கட்டு, விட்டுக்கொடுக்காத கனம், மேலே எர்லின் கரகரப்பு. 'காப்பர்ஹெட் ரோடு' மாண்டலினில் தொடங்கி டிரம்ஸ் இறங்கும் அந்த இடம் எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. 1991 பதிவில் வேகம் அதிகம், கட்டுப்பாடு குறைவு. கல்லாறுக்கு அது பிடிப்பதும் எனக்குப் புரிகிறது. கிழிந்த குரலுக்கும் ஓர் அழகு உண்டு.


இளவேனில் எழுதியது:

கல்லாறு, 'பில்லி ஆஸ்டின்' ஒப்பீட்டை நீங்களே எடுத்துக்கொடுத்தது நல்லதாயிற்று. என் வாதத்தின் மையமே அங்கேதான் இருக்கிறது.

1990இல் அந்தப் பாட்டைப் பாடியபோது எர்லுக்கு மரண தண்டனை ஒரு கற்பனை. தீவிரமான, நேர்மையான கற்பனை, ஆனாலும் கற்பனைதான். டெக்சாஸ் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த ஜொனதன் நோபிள்ஸோடு அவருக்குக் கடிதத் தொடர்பு இருந்தது. 1998 அக்டோபர் 7 அன்று ஹன்ட்ஸ்வில்லில் நோபிள்ஸுக்கு விஷ ஊசி போடப்பட்டபோது, அவர் கேட்டுக்கொண்டதற்கு இணங்கிச் சாட்சியாக எர்ல் அங்கே இருந்தார். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர் 'சைலன்ட் நைட்' பாடிக்கொண்டே பாதியில் நின்றுபோனதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தவர் அவர். 'ஓவர் யாண்டர்' அந்த மனிதருக்காக எழுதியது. அதனால்தான் அதற்கு 'ஜொனதனின் பாட்டு' என்று துணைப்பெயர்.

2003 தொகுப்பில் பேச்சு, 'ஓவர் யாண்டர்', 'பில்லி ஆஸ்டின்' மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. நீங்கள் விடை என்று சொல்லும் அந்தப் பேச்சில் அவர் சொல்வதன் சாரம் இது: மக்களாட்சியில் அரசு என்பது நான்தான், அரசு கொல்லும்போது கொல்வது நான், நான் கொல்வதை நான் எதிர்க்கிறேன். பிறகு பில்லி ஆஸ்டின் ஸ்விட்சைப் பற்றிக் கேட்கிறான். அந்தப் பேச்சு கேள்விக்கு விடை தரவில்லை, கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது என்பதைக் காட்டுகிறது. 1990 பதிவில் நான் ஒரு கைதியின் கதையைக் கேட்டேன். இதில் ஸ்விட்ச் என் கைக்கு வந்துவிட்டது. பேச்சைத் தாண்டிவிட்டுக் கேட்டால் இது கிடைக்காது.


சுடரொளி எழுதியது:

இந்த இழையில் ஒரு குறை தெரிகிறது. யாரும் கொல்லப்பட்டவர்களைப் பற்றி ஒரு சொல் கூட எழுதவில்லை.

நோபிள்ஸ் 1986இல் ஆஸ்டின் நகரில் ஒரு வீட்டுக்குள் புகுந்து இரண்டு இளம்பெண்களைக் குத்திக் கொன்றவர். சிறையில் கத்தோலிக்கராகி, டொமினிக்கன் சபையில் பொதுநிலை உறுப்பினராகி, வேறு மனிதராக மாறினார் என்பதை நான் மறுக்கவில்லை. இறந்த பெண்களில் ஒருவரின் தாய், தண்டனைக்குச் சில நாட்கள் முன்பு சிறைக்குச் சென்று அவரை நேருக்கு நேர் சந்தித்தார். தன் மகளைக் கொன்றவனின் எதிரே உட்கார்ந்து பேசிய அந்தத் தாயின் நெஞ்சுரத்தை யார் பாடினார்கள்? 'ஓவர் யாண்டர்' நோபிள்ஸின் அமைதியைப் பாடுகிறது. 'பில்லி ஆஸ்டின்' கைதியின் கேள்வியைப் பாடுகிறது. கைவிடப்பட்டவனுக்குக் குரல் கொடுப்பவர் என்று இளவேனில் எழுதியிருக்கிறார். பேச வாய் இல்லாமல் போன அந்த இரண்டு பெண்களும் கைவிடப்பட்டவர்கள்தானே?

நானும் மரண தண்டனைக்கு எதிரானவள். எதிர்ப்பதற்காக இந்தப் பக்கத்தைப் பாராமல் விடக்கூடாது என்பதுதான் என் வருத்தம்.


மேற்குவெளி எழுதியது:

சுடர் அக்கா, நீங்கள் சொன்னது சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. 1976இல் மரண தண்டனை மீண்டும் சட்டப்படியானதிலிருந்து டெக்சாஸ் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருக்கிறது. வேறெந்த மாநிலமும் அருகில் கூட இல்லை. இங்கே அதை ஆதரிப்பவர்கள் எப்போதும் முன்வைப்பது பலியானவர்களின் குடும்பத்தைத்தான். எதிர்ப்பவர்களின் பாட்டில் அந்தக் குடும்பம் இல்லாமல் போனால் அந்த இடத்தை மற்றவர்கள் நிரப்பிவிடுகிறார்கள்.

ஆனாலும் இசை மரபின் பக்கமிருந்து ஒன்று. கொலைகாரனின் வாயால் பாடுவது எர்ல் கண்டுபிடித்ததல்ல. கன்ட்ரி இசையின் வேரிலேயே அது இருக்கிறது. ஜானி கேஷ் 1968 ஜனவரியில் ஃபோல்சம் சிறைக்குள் போய்ப் பாடிப் பதிந்த தொகுப்பு அதன் உச்சம். சாகிறதைப் பார்ப்பதற்காகவே ஒருவனைச் சுட்டேன் என்று அதில் வரும் 'ஃபோல்சம் ப்ரிசன் ப்ளூஸ்' பாட்டின் நாயகன் சொல்கிறான். அந்த வரிக்குக் கைதிகள் ஆரவாரம் செய்வது போலக் கேட்கும் ஒலி பின்னால் ஸ்டுடியோவில் சேர்த்தது. கேட்டவர் யாரும் கேஷைக் கொலைக்குத் துணைபோனவர் என்று சொல்லவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதே மரபில், அதே முறையில் எர்ல் லிண்டின் வாயால் பாடியதும் துரோகம் என்றார்கள். கேஷின் கொலைகாரன் கற்பனைப் பாத்திரம், லிண்ட் உயிரோடு நீதிமன்றத்தில் நின்றவர். பல்லவியில் இஸ்லாமிய நம்பிக்கை மொழி வேறு அரபியிலேயே வருகிறது, ஸ்டுடியோ பதிவு குர்ஆன் ஓதலோடு முடிகிறது. 2002 அமெரிக்காவில் அந்த ஒலியே பலரைக் கொதிக்கவைக்கப் போதுமானதாக இருந்தது.

லிண்டுக்கு இருபது ஆண்டு தண்டனை விதித்தார்கள், 2019 மே மாதம் வெளியே வந்தார்.


புதுமழை எழுதியது:

இந்த இசைக்கே நான் புதியவள். அண்ணன்மார், அக்காமார் யாராவது விளக்குங்கள். 'கிறிஸ்துமஸ் இன் வாஷிங்டன்' கேட்டேன், பிடித்திருந்தது. அதில் வரிசையாக வரும் பெயர்கள் யாருடையவை என்று தெரியாமல் கேட்பதால் எதையோ இழக்கிறேன் என்று தோன்றுகிறது. அமெரிக்க வரலாறு தெரியாமல் இந்தத் தொகுப்புக்குள் நுழைய முடியுமா?


இளவேனில் எழுதியது:

தாராளமாக நுழையலாம் தங்கையே. பெயர்களைத் தெரிந்துகொண்டால் பாட்டு இன்னும் கூர்மையாகும், அவ்வளவுதான்.

உட்டி கத்ரி ஓக்லஹோமாவில் பிறந்து, 1930களின் புழுதிப்புயலில் ஊரை விட்டு ஓடிய ஏழைகளோடு திரிந்து பாடியவர். எம்மா கோல்ட்மேன் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்து தொழிலாளர்களுக்காகவும் பெண்களுக்காகவும் பேசியவர், 1919இல் அமெரிக்க அரசு அவரைக் கப்பலேற்றி நாடு கடத்தியது. ஜோ ஹில் ஸ்வீடனிலிருந்து வந்த தொழிற்சங்கப் பாடகர், கொலைக் குற்றம் சாட்டி 1915இல் யூட்டா மாநிலத்தில் சுட்டுக் கொன்றார்கள். கறுப்பின மக்களின் தலைவர்களான மால்கம் எக்ஸும் மார்ட்டின் லூதர் கிங்கும் உங்களுக்குத் தெரிந்தவர்களே. இவர்களையெல்லாம் திரும்பி வாருங்கள் என்று கூப்பிடுகிற பாட்டு அது.

கவனிக்க வேண்டியது அது எழுதப்பட்ட நேரம். 1996இல் கிளின்டன் இரண்டாம் முறை வென்றதை ஒட்டி எழுதியது, 1997இல் 'எல் கொராசோன்' தொகுப்பில் வந்தது. ஜனநாயகக் கட்சி வென்ற வேளையில்தான் எர்லுக்கு இந்த ஏக்கம் வந்திருக்கிறது. ஆகவே அவரை புஷ்ஷின் எதிரி என்று மட்டும் சுருக்கிவிட முடியாது. மேடைப் பதிவில் பாட்டின் நடுவே கிதார் தொடர்ந்து ஒலிக்க அவர் நீளமாகப் பேசுகிறார். 1996இல் ஏக்கமாக இருந்த பாட்டு போர்க்காலத்தில் அவசரமாகிவிட்டது.

சுடரொளி அக்காவுக்குப் பதில் எழுத ஒரு நாள் எடுத்துக்கொண்டேன். நீங்கள் சுட்டிய குறை தொகுப்பில் இருக்கிறது. அந்தத் தாயின் பக்கம் அங்கே பாட்டாக இல்லை. ஆனால் எர்ல் ஆளை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை. பில்லி ஆஸ்டின் தன்னை நிரபராதி என்று சொல்லிக்கொள்வதே இல்லை. செய்தேன் என்கிறான். குற்றத்தை மறைத்து இரக்கம் கேட்கும் பாட்டுகள் வேறு, இது வேறு.


சுடரொளி எழுதியது:

பில்லி ஒப்புக்கொள்கிறான் என்பதை ஏற்கிறேன். ஒப்புக்கொள்வதும் அவன் குரல்தான் என்பது என் வருத்தமாகவே இருக்கிறது. ஆனால் ஒன்றில் உங்களோடு முழுக்க நிற்கிறேன்: அந்த மூன்று தடங்களையும் பிரித்துக் கேட்கக்கூடாது.

லிண்ட் பாட்டுக்கு வருகிறேன். எனக்கு அதில் பிடித்தது அரசியலைவிட ஒரு தகப்பனின் கண். எர்லின் மகன் ஜஸ்டின் டவுன்ஸ் எர்ல் 1982 ஜனவரியில் பிறந்தவர், லிண்ட் 1981 பிப்ரவரியில். ஏறத்தாழ ஒரே வயது. தொலைக்காட்சியில் அழுக்கும் தாடியுமாகக் கட்டிப்போடப்பட்டுக் கிடந்த பையனைப் பார்த்தபோது தன் மகன்தான் நினைவுக்கு வந்தான் என்று எர்லே சொல்லியிருக்கிறார். பாட்டிலும் அந்தப் பையன் தன் அப்பா தன்னை இப்போது பார்த்தால் என்ன நினைப்பார் என்று எண்ணுகிறான். இந்தத் தொகுப்பின் கடைசிப் பாட்டு ஜஸ்டின் எழுதியது. இதைத் தற்செயலாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.


கல்லாறு எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். நோபிள்ஸ் பின்னணி கனமானது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பின்னணியை இளவேனில் இங்கே எழுதித்தான் நான் தெரிந்துகொண்டேன். தொகுப்புக்குள் மட்டும் இருந்து கேட்டால் 1990 'பில்லி ஆஸ்டின்' தான் இப்போதும் எனக்குப் பெரிது.

என் பக்கத்துக்கு ஒரு சான்றும் இதே தொகுப்பில் இருக்கிறது. நிக் லோ 1974இல் எழுதி, எல்விஸ் கோஸ்டெல்லோ உலகறியச் செய்த 'வாட்ஸ் ஸோ ஃபன்னி 'பவுட் பீஸ், லவ் அண்ட் அண்டர்ஸ்டாண்டிங்' பாட்டை இறுதிக்குச் சற்று முன் பாடுகிறார். அமைதியும் அன்பும் புரிதலும் ஏன் நகைப்புக்குரியவை என்று அது கேட்கிறது. 2003இல் அதைவிடக் கூர்மையான போர் எதிர்ப்பு என்ன இருக்க முடியும்? ஒரு சொல் விளக்கம் இல்லாமல் வேலை முடிகிறது.


இளவேனில் எழுதியது:

அதற்கு முந்தைய தடம் எது என்று பாருங்கள் கல்லாறு. 'டெமாக்ரசி'. பேச்சு.


நாண் எழுதியது:

புதுமழைக்கு: விவாதம் ஓயட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இரண்டாம் தட்டிலிருந்து தொடங்குங்கள். 'சவுத் நாஷ்வில் ப்ளூஸ்', பிறகு எர்லின் ஆசானான பாடகர் டவுன்ஸ் வான் ஸான்டின் 'ரெக்ஸஸ் ப்ளூஸ்' பாட்டோடு அவரை நினைத்து எழுதிய 'ஃபோர்ட் வொர்த் ப்ளூஸ்' இணைந்து வருவது. 1997 புத்தாண்டு நாளில் இறந்த ஆசானின் பாட்டிலிருந்து சீடனின் பாட்டுக்குள் நழுவும் இடத்தைக் கேட்டுவிட்டு, லிண்ட் பாட்டுக்கு வாருங்கள். முதல் தட்டைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.


சுடரொளி எழுதியது:

முதல் தட்டை விட்டுவிட்டு லிண்டிடம் போகச் சொல்வது இளவேனில் கட்டிய வாதத்தின் அடித்தளத்தையே எடுத்துவிடும். வரிசையாகவே கேள் புதுமழை.

இது முடிந்ததும் 2004இல் வந்த 'தி ரெவல்யூஷன் ஸ்டார்ட்ஸ் நவ்' எடுத்துக்கொள். அடுத்த ஆண்டு கிராமி வாங்கிய தொகுப்பு. அதில் 'ரிச் மேன்ஸ் வார்' என்றொரு பாட்டு இருக்கிறது. இரண்டு அமெரிக்கச் சிப்பாய்கள், காஸாவில் அலி என்றோர் இளைஞன், மூன்று பேருக்கும் ஒரே அளவு இடம். அதைப் பற்றிப் பேச இந்த இழை போதாது, நீ கேட்டு முடித்ததும் தனி இழை தொடங்கு, நான் வருகிறேன்.